எல்கேஜிக்கு எதற்கு ப்ளஸ் டூ மார்க்?

மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் கோயம்புத்தூர் சத்தி ரோட்டில் போய்ப் பாருங்கள். கணபதி டெக்ஸ்டூல் பாலம் இறங்கியதிலிருந்து சரவணம்பட்டி வரைக்கும் பிள்ளைகளின் முகங்களாகவே இருக்கும். 600-க்கு 593, 591, 590 என்று பெரிய பெரிய எண்கள், அவற்றுக்குக் கீழே பள்ளியின் பெயர், அதற்கும் கீழே "ப்ரீகேஜி முதல் அட்மிஷன் நடைபெறுகிறது" என்று ஒரு வரி. மாநில அளவில் முதல் இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பேனர் கட்டுவது மட்டும் நிற்கவில்லை.

என் மகளை 2024 ஜூனில் எல்கேஜி சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு வீட்டில் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கடைசி வரியும் அதற்கு மேலே இருக்கும் எண்களும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன. அவள் ப்ளஸ் டூ எழுதப்போவது 2038 மார்ச்சில். பேனரில் சிரிக்கும் பையனுக்குக் கணக்கு எடுத்த சார் அதற்குள் வேறு பள்ளிக்குப் போயிருப்பார், இல்லை ஓய்வு பெற்றிருப்பார். அந்தப் பையனே கூட பத்தாம் வகுப்பு வரை வேறு எங்கோ படித்து, நல்ல மார்க் எடுத்ததால் ஃபீஸ் சலுகை கொடுத்துப் பதினொன்றில் சேர்க்கப்பட்டவனாக இருக்கலாம். இது ஊரறிந்த விஷயம். அந்த எண் அந்தப் பள்ளியின் எல்கேஜி வகுப்பைப் பற்றி எனக்கு எதையுமே சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் சொந்தக்காரர்களிடம், நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில், அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில், எங்கே பள்ளி என்று பேச்செடுத்தாலும் அந்த எண்ணில் இருந்துதான் ஆரம்பித்தார்கள். "அங்க ரிசல்ட் நல்லா வருதுங்க" என்பதுதான் எல்லாருடைய முதல் வாக்கியம்.

மூன்று வயது முடிந்த குழந்தைக்குப் பள்ளிக்கூடம் முதலில் ஒரு உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நான் நம்புகிறேன். எத்தனை மணிக்கு எழுப்புகிறோம், எவ்வளவு நேரம் வண்டியில் உட்கார வைக்கிறோம், தாகம் எடுத்தால் குடிக்கிறாளா, வயிறு முட்டினால் யாரிடம் சொல்வாள், அழுதால் யார் தூக்குவார்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் எழுத்து தானாக வரும். இது சரியில்லாத இடத்தில் எந்த போர்டு, எந்த சிலபஸ் இருந்தும் குழந்தைக்குப் பயனில்லை. இந்த நம்பிக்கை எனக்கு முன்னாலேயே அரைகுறையாக இருந்தது. அது உறுதியானது ஒரு தண்ணீர் பாட்டிலால். அதைப் பிறகு சொல்கிறேன்.

காட்டுகிற அறைகள்

பெரிய பள்ளிகளில் அட்மிஷனுக்கு என்றே ஒருவர் இருப்பார். நல்ல புடவை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் வழுவழுப்பான கையேடு. அவர் நம்மை அழைத்துப்போகும் பாதை ஏற்கெனவே முடிவாகியிருக்கும். கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி, ஸ்மார்ட் போர்டு மாட்டிய வகுப்பறை, ரோபாட்டிக்ஸ் லேப், ஸ்கேட்டிங் தளம், மணல் கொட்டிய விளையாட்டு இடம், சிசிடிவி திரைகள் இருக்கும் அறை. பெரும்பாலும் சனிக்கிழமை வரச் சொல்கிறார்கள். சனிக்கிழமை பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். காலியாக இருக்கும் வகுப்பறை எந்தப் பள்ளியிலும் அழகாகத்தான் இருக்கும்.

"சின்னப் பிள்ளைங்க பாத்ரூமைப் பாக்கலாங்களா?" என்று நான் கேட்டபோது ஒரு பள்ளியில் அந்தப் பெண் பதில் சொல்லாமல் என் கணவரைப் பார்த்தார். "அதெல்லாம் நீட்டா மெயின்டெய்ன் பண்றோம் மேம், ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி இருக்கு" என்றார். பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை, பார்க்க முடியாது என்றும் சொல்லவில்லை. அடுத்த அறையின் கதவைத் திறந்துவிட்டார். இன்னொரு பள்ளியில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். டைல்ஸ் மின்னியது. ஆனால் கம்மோடு பெரியவர்களுக்கான உயரம், குழாய் என் இடுப்புக்கு மேலே, கதவின் தாழ்ப்பாள் அதற்கும் மேலே. என் மகள் அந்தக் கம்மோடில் ஏறி உட்கார வேண்டுமானால் யாராவது தூக்கிவிட வேண்டும். "யார் தூக்கிவிடுவாங்க?" என்று கேட்டேன். இங்கே வரும் பிள்ளைகள் எல்லாரும் டாய்லெட் ட்ரெய்னிங் முடித்துத்தான் வர வேண்டும் என்பது பள்ளியின் விதி என்றார்கள்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையாவது, பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர். எத்தனை பிள்ளைக்கு ஒரு கழிப்பறை, எந்த உயரத்தில், எத்தனை முறை கழுவ வேண்டும் என்பதெல்லாம் அந்த அட்டவணையில் இல்லை. அதே சட்டம் பள்ளியில் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்க்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000 ரூபாய் வரையும் அபராதம். ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்பது ஆறு வயது முதல் பதினான்கு வரை. எல்கேஜி அந்த வரம்புக்கு வெளியே நழுவிவிடுகிறது. அதனால் "இன்டராக்‌ஷன்" என்ற பெயரில் என் மகளிடம் நிறங்களைக் கேட்டார்கள், எங்களிடம் என்ன படித்திருக்கிறோம், வீட்டில் எந்த மொழி பேசுகிறோம் என்று கேட்டார்கள். நாங்கள் கேட்க நினைத்ததைக் கேட்க நேரம் கொடுத்தவர்கள் குறைவு.

நம் ஊரில் பள்ளிக்கூடங்களில் நடந்த கோரங்களை நினைத்துப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். தீ தொடங்கியது சமையல் கூடத்தில், பரவியது கீற்றுக் கூரையில். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் இரண்டாம் வகுப்புச் சிறுமி பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகுதான் அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு எல்கேஜி குழந்தை தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். சமையல்கட்டு, பஸ்ஸின் தரை, கழிவுநீர்த் தொட்டி. அட்மிஷன் சுற்றுலாவில் இந்த மூன்றில் ஒன்றையாவது யாராவது காட்டியிருக்கிறார்களா? நாமும் கேட்பதில்லை. கேட்டால் ஏதோ சண்டைக்கு வந்தவர்களைப் போலப் பார்ப்பார்களோ என்று கூச்சப்படுகிறோம். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் அங்கீகாரத்துக்காகப் பள்ளி வாங்கி வைத்திருக்க வேண்டியவைதான். ஃபீஸ் கட்டப்போகிற நாம் அவற்றைக் காட்டுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

திரும்பி வந்த தண்ணீர் பாட்டில்

என் பக்கத்து சீட்டில் இருக்கும் அக்காவின் மகன் அப்போது யூகேஜி. எல்லாரும் பெயர் சொன்னதும் "ஓ, அங்கயா!" என்று கேட்கும் பள்ளி. அந்தப் பையனுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. கடைசியில் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. குழந்தை டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் கேட்ட கேள்வி, "ஸ்கூல்ல பாத்ரூம் போறானா?" என்பது. அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை பையைத் திறந்து பார்த்திருக்கிறார். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வந்திருந்தது. தினமும் அப்படித்தான் வந்திருக்கிறது. காலையில் நிரப்புவது மாமியார், மாலையில் கொட்டிக் கழுவுவது வேலைக்கார அம்மா. இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பையன் சொன்னதை அக்கா அலுவலகத்தில் எங்களிடம் சொன்னபோது அவருடைய குரல் உடைந்துவிட்டது. பாத்ரூமில் நாற்றம் அடிக்கிறதாம். பெரிய அண்ணன்கள் கதவைத் தள்ளுகிறார்களாம். அதைவிட, மிஸ்ஸிடம் இங்கிலீஷில் கேட்க வேண்டுமாம், தமிழில் கேட்டால் முழு வாக்கியத்தையும் இங்கிலீஷில் சொல்லச் சொல்லி நிற்க வைப்பார்களாம். எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். அதனால் அவன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். தண்ணீர் குடிக்கவில்லை என்றால் போக வேண்டியதே இல்லை. ஐந்து வயதில் ஒரு குழந்தை தன் தாகத்தை அடக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளியில் அவன் கற்ற பாடங்களில் இதைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

அடக்கி அடக்கி வைத்தால் தொற்று வரும், மலச்சிக்கல் வரும், பெண் குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் வரும். குழந்தை டாக்டர்கள் எல்லாரும் சொல்வதுதான். கேரளத்தில் 2019-லேயே பள்ளிகளில் தண்ணீர் குடிக்க நினைவூட்டுவதற்கு என்று தனி மணி அடிக்க ஆரம்பித்தார்கள். 2025-ல் தமிழ்நாட்டிலும் "வாட்டர் பெல்" வந்தது. நல்ல விஷயம். ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். போக இடம் இல்லாத பள்ளியில் மணி அடித்தால், பிள்ளை குடிப்பது மாதிரி பாவனை செய்துவிட்டு மூடி வைத்துவிடும்.

அன்றோடு நாங்கள் தேடும் முறையை மாற்றினோம். சனிக்கிழமை போவதை விட்டோம். வேலை நாளில், இடைவேளை விடும் நேரத்தில் போக அனுமதி கேட்டோம். நடுவில் வகுப்பு நடக்கும்போது வெளியாட்களை விட மாட்டோம் என்று சொன்ன பள்ளிகள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது, பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே. அப்படிப்பட்ட இடங்களில் மாலை பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே போய் நின்றோம். வெளியே வரும் குழந்தைகளின் முகத்தைப் பார்ப்பதைவிட, காத்திருக்கும் தாய்மார்களிடமும் பாட்டிமார்களிடமும் பேசுவதில்தான் அதிகம் தெரிந்தது. "தண்ணி குடிச்சுட்டு வருதுங்களா?" என்று கேட்டால் போதும். ரிசல்ட்டைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். இதைக் கேட்டதும் கொஞ்சம் நிறுத்தி, யோசித்து, உண்மையைச் சொன்னார்கள். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பாத்ரூமுக்கு ஓடும் பேத்தியைப் பற்றி ஒரு பாட்டி சொன்னார். அது சகஜம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பத்தே முக்கால் மணி

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. எல்கேஜி முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். நர்சரி அண்ட் பிரைமரி என்று போர்டில் எழுதியிருக்கும், இன்டர்நேஷனல் என்ற சொல் எங்கும் இல்லை. ஓட்டு வீடு ஒன்றும், பின்னால் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றும், நடுவில் வேப்பமரம் நிற்கும் முற்றமும். பேனர் கட்ட அவர்களிடம் ப்ளஸ் டூவே கிடையாது. எங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. மளிகைக்கடைக்காரர் சொல்லித்தான் போனோம்.

தலைமையாசிரியை எங்களை உட்கார வைத்து எதையும் விளக்கவில்லை. "வகுப்பு நடக்குது, சத்தம் போடாம சுத்திப் பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு ஏதோ நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். பத்தே முக்கால் இருக்கும். எல்கேஜி வகுப்பின் கதவு திறந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா, கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக வரிசையில் கூட்டி வந்தார். ஆயாம்மா. முற்றத்தின் ஓரத்தில் கழிப்பறை. உள்ளே போய்ப் பார்த்தேன். பழைய கட்டடம், டைல்ஸ் கூட ஒன்றிரண்டு இடத்தில் பெயர்ந்திருந்தது. ஆனால் ஈரமில்லை, நாற்றமில்லை. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற உயரத்தில் மூன்று கம்மோடு. முழங்கால் உயரத்தில் குழாய். சுவரில் ஆணி அடித்து வரிசையாகத் துணிப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மாற்று உடை.

ஆயாம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். கேட்கும் பிள்ளையை மட்டும் கூட்டி வருவதில்லையா, எல்லாரையும் கூட்டி வருகிறீர்களே என்றேன். "கேட்டாத்தான் போகணும்னா பாதிப் புள்ளைங்க கேக்காதுங்க அம்மிணி. ஒண்ணு வெக்கம், இல்லைன்னா வெளையாட்டுல மறந்துரும். அதான் வரலைன்னாலும் ஒருக்கா உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன். சோத்துக்கு முன்னால ஒருக்கா, ஊட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னால ஒருக்கா" என்றார். பேசிக்கொண்டே ஒரு பையனின் டிராயரை மாட்டி, கையைக் கழுவிவிட்டு, இன்னொரு குழந்தையின் மூக்கைத் துடைத்தார். நனைத்துக்கொண்டால் திட்டுவார்களா என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவருக்குப் புரியவில்லை போலிருந்தது. "நனைச்சா மாத்திவுட வேண்டியதுதானுங்க, அதுக்குத்தான நான் இருக்கறேன்."

நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன் பார்த்த எந்த ரோபாட்டிக்ஸ் அறையிலும் எனக்கு வராத நிம்மதி அந்த மூன்று கம்மோடுகளைப் பார்த்ததும் வந்தது. பெரிய பள்ளிகளில் பணம் இல்லாமல் இல்லை. அங்கே இந்த வேலை ஏஜென்சிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தரையைத் துடைக்கும் வேலை இருக்கிறது, பிள்ளையின் பெயர் தெரியாது. இங்கே பதினோரு வருடமாக ஒரே அம்மா. அவருக்கு எந்தப் பிள்ளை அடக்கிக்கொண்டிருக்கும், எது பொய்யாக வருகிறது என்று சொல்லும் என்பது தெரியும். அது ஒரு அறிவு. எந்த சர்டிபிகேட்டிலும் வராத, ஆனால் எல்கேஜிக்கு எல்லாவற்றையும் விட அவசியமான அறிவு.

ஆசிரியர்கள் விஷயத்திலும் இதே கேள்விதான். எல்கேஜி மிஸ் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்று நான் போன இடமெல்லாம் கேட்டேன். என் தோழி ஒருத்தி பி.எட். முடித்து ஒரு பெரிய பள்ளியில் யூகேஜிக்குப் பாடம் எடுத்தாள். மாதம் 12,000 ரூபாய். அந்தப் பள்ளியில் ஒரு டேர்ம் ஃபீஸே அதைவிட அதிகம். நாற்பது பிள்ளைகள், விழாக்களுக்கு அலங்காரம், மாலை ஐந்து மணிக்கு மேல் அட்மிஷன் கேன்வாசிங் என்று வீடு வீடாகப் போகும் வேலை. இரண்டாவது வருடம் விட்டுவிட்டாள். நடுவில் மிஸ் மாறினால் மூன்று வயதுக் குழந்தைக்கு அது மறுபடியும் ஜூன் மாதத்திலிருந்து ஆரம்பிப்பதுதான். கொடுக்கும் ஃபீஸில் எவ்வளவு ஆசிரியருக்குப் போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2009-ல் வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்த நிர்ணயித்த தொகை என்ன, அதற்கு மேல் புத்தகம், யூனிஃபார்ம், ஆக்டிவிட்டி என்று தனி ரசீதில் வாங்குவது என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்லும் தொகை ஜூன் மாதத்தில் மாறிவிடுகிறது.

சீட் கிடைக்காமல் போய்விட்டால்?

என் கணவருக்கு இந்த முடிவு எளிதாக இல்லை. அவர் சொன்ன காரணத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது பல பெற்றோரின் பயம். "இப்போ விட்டா ஆறாவதுல பெரிய ஸ்கூல்ல உள்ள நுழையவே முடியாது. எல்கேஜிலயே ரொம்பிடும்" என்றார். ஓரளவு உண்மை. எல்கேஜியில் எடுக்கும் பிள்ளைகளையே அப்படியே மேலே கொண்டுபோகும் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் ஊர் மாறும் குடும்பங்கள் இருக்கின்றன, ஆறாம் வகுப்பில் புதிய செக்‌ஷன் திறக்கும் பள்ளிகள் இருக்கின்றன. 2031-ல் கிடைக்கலாம் கிடைக்காமல் போகலாம் என்ற ஒரு சீட்டுக்காக, ஏழு வருடக் காலையும் மாலையும் அவளை எங்கோ அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் மனதில் இருந்த பள்ளி கோவில்பாளையம் தாண்டி. வேன் காலை ஏழு இருபதுக்கு வரும். ஆறு மணிக்கு எழுப்ப வேண்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரவு எட்டு மணிக்கு அவள் தூங்கியிருக்க வேண்டும். அவர் சரவணம்பட்டியிலிருந்து வீடு வருவது எட்டரைக்கு. வார நாட்களில் அவள் விழித்திருக்கும்போது அவரால் அவளைப் பார்க்கவே முடியாது. நான் எதுவும் வாதாடவில்லை. அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதியவர் அவர்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, பக்கத்துலயே போடலாம்" என்றார்.

சிபிஎஸ்இயா ஸ்டேட் போர்டா என்ற கேள்வியை நாங்கள் அந்த வயதுக்குத் தேவையில்லாதது என்று விட்டுவிட்டோம். ஒரே ஒரு நடைமுறை விஷயம் மட்டும் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கைப்படி ஆறு. கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 முதல் ஆறு வயது முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. மாற்றலாகும் வேலையில் இருப்பவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும், பின்னால் ஒரு வருடம் இடிக்கும்.

அரசுப் பள்ளியில் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள். 2022 செப்டம்பரிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வரத் தொடங்கிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டருகே இருக்கும் மாநகராட்சிப் பள்ளி ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு வருடம் காத்திருக்க வழியில்லை. தேர்ந்தெடுக்கும் வசதி எங்களுக்கு இருந்தது என்பதே பெரிய விஷயம் என்பதும் தெரியும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா தன் பேரனுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க 2025 ஏப்ரலில் இருந்து காத்திருந்தார். மத்திய அரசின் நிதி வரவில்லை என்று அந்தச் சேர்க்கை அந்த ஆண்டு அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு போனது. பள்ளி ஜூனில் திறந்துவிட்டது. எந்தக் கழிப்பறை நன்றாக இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யும் நிலையில் அவர் இல்லை. அதனால்தான் இது பெற்றோர் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் விஷயமாக மட்டும் இருக்கக் கூடாது, ஒவ்வொரு பள்ளியிலும் அதிகாரிகள் வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பார்த்து எழுதி வைக்க வேண்டிய விஷயமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மகள் இப்போது யூகேஜி. காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பி அவளுடைய பாட்டியோடு நடந்து போகிறாள். தமிழில் எல்லா எழுத்தும் படிக்கிறாள், இங்கிலீஷில் சின்னச் சின்ன வார்த்தைகள். பெரிய பள்ளிக்குப் போகும் அவள் வயதுப் பிள்ளைகள் ரைம்ஸ் அதிகம் சொல்கிறார்கள், என் நாத்தனார் அதை ஒவ்வொரு விசேஷத்திலும் கவனிக்கிறார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வருத்தம் வேறொன்றில். அந்தப் பள்ளியில் இந்த வருடம் எல்கேஜியில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எல்கேஜி, யூகேஜி இரண்டுக்கும் அதே ஒரு ஆயாம்மாதான். அவருக்கு முழங்கால் வலி. சோற்றுக்கு முன்னால் கூட்டிப்போகும் முறை யூகேஜிக்குச் சில நாள் தவறிப்போகிறது என்று மகள் சொல்லித் தெரிந்தது. நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியையைப் பார்த்தோம். இன்னொருவரை வேலைக்கு வைத்தால் ஃபீஸைக் கூட்ட வேண்டும், கூட்டினால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஆண்டு விழாவுக்கு மேடையும் லைட்டும் ஸ்பீக்கரும் வாடகைக்கு எடுப்பதற்காக எங்களிடம் தனியாக வாங்கும் பணத்தை இந்த வருடம் அதற்குப் பதிலாக இரண்டாவது ஆயாம்மாவின் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், விழாவை முற்றத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்துப் போட மறுத்தவர்களும் இருக்கிறார்கள், பிள்ளை மேடையில் ஆடுவதைப் பார்க்க அவர்களுக்கு ஆசை. அவர்களிடம் மறுபடி பேசப் போகிறேன். அடுத்த ஜூனுக்குள் இரண்டாவது ஆள் வந்தாக வேண்டும்.